ஆவணியில் என்ன சாப்பிட்டாய்

காரைக்குடி ஆஸ்பத்திரி, பிரசவ வார்டு,
கட்டில் பதினொன்று.
பாண்டிமீனா, புதுவயல், அரிசி மில் வேலை.
வயதுக்கான கட்டத்தில்
மாமியார் இருபத்தொன்று என்கிறாள்,
ஆதார் பத்தொன்பது என்கிறது.
ஆதாரை எழுதுகிறேன்.

பிள்ளை இங்கே இல்லை.
தொப்புளுக்கு வலப்பக்கம் திறந்து
குடல் வெளியே கிடக்கப் பிறந்தவன்
முந்தாநாளே நூற்றியெட்டில்
அப்பனோடு மதுரைக்குப் போய்விட்டான்.
தாய்க்குக் காட்டும்போது
கழுத்துவரை துணி போட்டிருந்தார்களாம்.
"மூக்கு எங்க அண்ணன் மாதிரி" என்கிறாள்.
அதற்கு என்னிடம் கட்டம் இல்லை.

கர்ப்பத்துக்கு முன் எடை?
மில்லில் நெல் நிறுக்கும் தராசில்
விளையாட்டாக ஏறி நின்றபோது
முப்பத்தெட்டு.
அரைமூட்டை என்று
லோடுமேன்கள் பெயர் வைத்தார்களாம்.

நீர்க்கடுப்பு இருந்ததா?
பதில் வர நேரமாகிறது.
நெல் அவிக்கிற பக்கம்
பெண்கள் ஒதுங்க இடமில்லை.
விடிந்ததிலிருந்து தண்ணீர் குடிக்காமல்
சமாளித்துக்கொள்வாள்.
"எரிச்சல் இருந்துச்சு.
எல்லாருக்கும் இருக்குறதுதானக்கா."
டிக்.

வீட்டில் புகைப்பவர்?
ஒற்றை அறை. மழை நாளில்
அவன் பீடியும் உள்ளேதான் தூங்கும்.
டிக்.

ஆவணியில் ஏதாவது மாத்திரை?

இங்கேதான் உடைகிறாள்.
நாள் தள்ளிப்போனதே பிடிபடாத வாரங்கள்.
அப்போதுதான் உள்ளே
நகக்கண் அளவு உடம்பொன்று
தன் வயிற்றை இருபுறமிருந்தும் இழுத்து
நடுவில் சேர்த்துக்கொண்டிருந்திருக்கும்.
இவளுக்குச் சளி. பஸ் ஸ்டாண்டு மெடிக்கலில்
ஒரு மஞ்சள், ரெண்டு வெள்ளை.
மூணு நாள். இல்ல, நாலு.
இல்லக்கா, மஞ்சள் ஆடியிலயே தின்னது,
வெள்ளைதான் ஆவணி...
இந்தப் பங்குனிக் காங்கையில்
மூன்று இரவாக அவள் தூங்காமல்
இதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

பச்சைத் திரைக்கு அந்தப்பக்கம்
கட்டில் பன்னிரண்டு.
காலையில் அங்கே உட்கார்ந்திருந்தேன்.
முழுசாகப் பிறந்த பிள்ளைகளின் தாயிடமும்
இதே தாளைக் கேட்டாக வேண்டும்.
செல்சியா, தேவகோட்டைக்குப் பக்கம், இருபது.
அவளும் குச்சி. அவள் வீட்டுக்காரனும் ஊதுகிறான்.
ஆவணியா? "யாருக்குக்கா ஞாபகம் இருக்கு,
சளிக்கு என்னமோ முழுங்குனேன்" என்று சிரித்தாள்.
மார்பில் பிள்ளை
சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது.
நல்லபடி பெற்றவளுக்கு ஆவணி
வந்துபோன ஒரு மாசம்.

ஆயிரம் தாள் சேர்ந்தால் தெரியுமாம்.
இளவயதில் கூடுதல், மெலிவில் கூடுதல்,
புகையில் கூடுதல் என்று
ஒரு கோடு மெல்ல எழும்புமாம்.
நம்புகிறேன், சம்பளமும் அதற்குத்தான்.
ஆனால் இந்த இரண்டு தாளையும்
ஒரே பையில் போட்டுவிட்டால்
எது யாருடையது என்று
பெயர் பார்த்துத்தான் நானே சொல்ல முடியும்.

பாண்டிமீனா திரையைப் பார்த்தபடி
குரலைத் தாழ்த்திக் கேட்கிறாள்:
"அவுகளும் மாத்திர தின்னாகளாக்கா?"

ஒருவர் பதிலை இன்னொருவருக்குச் சொல்லலாகாது.
முதல் பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது.
அதன் கீழே கோணலாக
என் கையெழுத்து.

தலையை ஆட்டினேன்.

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
பிறகு அவள் போன் அடித்தது. மதுரை.
கண்ணாடிப் பைக்குள் தொங்கவிட்ட குடல்
தன் பாரத்தில் தானே இறங்கி
இன்றைக்கு ஒரு விரற்கடை
உள்ளே போயிருக்கிறதாம்.
"ஒரு வெரக்கட" என்று
ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து
எனக்குக் காட்டினாள்.
மாமியாருக்குக் காட்டினாள்.
திரையை விலக்கி
பன்னிரண்டாம் கட்டிலுக்கும் காட்டினாள்.